உப்பை வாருவது போல ஒரு முறை

கைக்குழந்தையோடு பெருமுக்கல்லில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என் மருமகள். பழைய 'வாட்டர்ஃபால்' முறையில் எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு, கடைசியில்தான் சோதிப்பார்களாம். அப்போது தப்பு தெரிந்தால் ராத்தூக்கம் போச்சு! 2001-இல் அமெரிக்காவில் 17 பேர் கூடி அறிவித்தது 'அஜைல்'. அதன்படி நடக்கும் 'ஸ்க்ரம்' முறையில், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக முடித்துக் காட்டித் திருத்திக்கொள்கிறார்கள்.

"மரக்காணத்தில் விளைய விளைய உப்பை வாருவது மாதிரி, அத்தை!" என்றாள்.

வாஸ்தவம்தான். மொத்தமாக வாரலாமென்று காத்திருந்தால், ஒரு மழை கரைத்துவிடுமே! ஆனால் பாத்தியை அரைகுறையாகக் கட்ட முடியுமா? தேவை மாறாத வேலைக்கு முழுத்திட்டம், மாறும் வேலைக்குச் சிறு பகுதிகள்.

இளம் தாய்மார்களே, வேலையில் சேருமுன் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கம் அதில் அடங்கியிருக்கிறது.