விடுவதற்கென்று ஒரு முள்

நிஷிவாகியை ஜப்பானின் தொப்புள் என்பார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 135-உம் வடக்கு அட்சரேகை 35-உம் சந்திக்கும் புள்ளி இந்த ஊர் எல்லைக்குள் விழுகிறது. ஹியோகோ மாகாணத்தில், ககோகவா ஆற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். கடல் வாடையே கிடையாது. ஆனால் ஜப்பானில் செய்யப்படும் தூண்டில் முட்களில் பெரும்பகுதி இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் உருவாகிறது. உலகெங்கும் தூண்டில்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் கமகட்சு, ஓனர் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கும் தலைமையகம் இங்கேதான். அவற்றுக்கெல்லாம் முன்பே, எடோ காலத்தின் கடைசியில், வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் உழவர் வீடுகளில் தொடங்கிய கைத்தொழில் இது.

நான் தேடிப் போனது ஹெராபுனா மீனுக்கான முள்ளை. பிவா ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன் நம் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. உயர்ந்த முதுகு, தட்டை உடல், வெள்ளிச் செதில். நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று வளரும். ஒசாகாப் பக்கம் இதைப் பண்ணைகளில் வளர்த்துக் குளங்களில் விடுகிறார்கள். அங்கே தூண்டில் போட வருகிறவர்கள் மீனை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. தக்கை கட்டிப் பிடித்து, அதே குளத்தில் விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு மீனுக்காகத் தனிக் கோல், தனித் தக்கை, தனி இரைமாவு, தனி முள் என்று ஒரு தொழில் உலகமே தலைமுறைகளாக வளர்ந்திருக்கிறது. பிடித்ததை விடுவதுதான் நோக்கம் என்றால் முள்ளை எப்படிச் செய்வது, எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்வியோடுதான் போனேன். ஒசாகாவில் வேலை பார்க்கும் திருநெல்வேலி நண்பர் மொழிபெயர்க்க உடன் வந்தார்.

பட்டறை ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. கணவனும் மனைவியும் மட்டுமே வேலைக்காரர்கள், இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. முள் செய்வது ஒரே கூரையின் கீழ் முடிகிற வேலை அல்ல. கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியை அளவாக வெட்டி, ஒரு முனையைக் கூராகத் தீட்டி, வளைத்து, தூண்டில் நரம்பு வழுக்கிப் போகாமல் இருக்க மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவது ஒரு கட்டம். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துவது, பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவது அடுத்தது. அமிலத்தில் போட்டு மேற்பரப்பைக் கரைத்துக் கூரை இன்னும் மெல்லியதாக்குவது, பூச்சுக் கொடுப்பது கடைசி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நடக்கிறது. இந்த வீட்டுக்குரியது காய்ச்சுகிற வேலை.

பெரியவர் இரண்டு முட்களை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில், கூருக்குச் சற்றுக் கீழே, கம்பியைச் சீவி எழுப்பிய எதிர்முள் இருந்தது. உள்ளே ஏறியது திரும்பி வராமல் தடுக்கும் முள் அது. மற்றொன்று முழுக்க வழவழப்பாக இருந்தது. ஹெராவுக்கு இதுதான். எதிர்முள் எழுப்பும் படியே இதில் கிடையாது. எதிர்முள்ளை எழுப்பக் கம்பியைச் சீவித்தான் ஆகவேண்டும், சீவிய இடத்தில் கம்பி மெலியும், மெலிந்த இடத்தில்தான் ஒடியும் என்றார் பெரியவர். எதிர்முள் இல்லாத முள்ளை ஏதோ குறைபட்ட முள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கூருக்குப் பக்கத்தில் அதுதான் வலுவானது.

பிறகு அவர் சொன்னது, இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றில் எனக்கு மிக முக்கியமானது. கெட்டித்தன்மை மிஞ்சினால் முள் ஒடியும், குறைந்தால் நிமிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கடலில் பெரிய மீனுக்குப் போகும் முள்ளை அவர் கெட்டியான பக்கமே வைப்பாராம். ஹெரா முள்ளில் மட்டும் ஒரு இழை இளக்கமான பக்கம் சாய்வாராம். “நிமிர்ந்தால் மீன் தப்பித்துப் போகும், அவ்வளவுதான். ஒடிந்தால் கூர் அதன் உதட்டிலேயே தங்கிவிடும். அது திரும்பத் தண்ணீருக்குப் போகிற மீன் இல்லையா?”

அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பதம் முடிந்து வந்தவற்றிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். கூர் நகத்தைப் பற்றிக்கொண்டு நின்றால் தேறியது. வழுக்கிக்கொண்டு போனால் தனித் தட்டுக்குப் போகும். அவருடைய நகம் முழுக்க மெல்லிய கீறல்கள். பிள்ளைகள் இருவரும் கோபேயில் வேறு வேலையில் இருக்கிறார்கள், இந்தப் பட்டறை எங்களோடு சரி என்றார். அதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. கம்பியின் பதத்தை இப்படித் தெரிந்த கைகள் ஒரு ஊரிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

முள்ளைத் தண்ணீரில் பார்க்க ஹஷிமோட்டோவுக்குப் போனோம். ஒசாகாவின் நம்பாவிலிருந்து கோயா மலைக்குப் போகும் ரயில் பாதையில், கி நதிக்கரையில் இருக்கும் ஊர். ஹெரா மீனுக்கான மூங்கில் கோல் செய்யும் கைவினைஞர்களின் ஊரும் இதுதான். அந்தக் கோல் கிஷு ஹெராக் கோல் என்ற பெயரில் 2013-இல் தேசிய மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டது. ஒரே கோலில் மூன்று வகை மூங்கில்கள் சேர்கின்றன. நுனிக்கு ஒன்று, அதற்கடுத்த துண்டுக்குக் கோயா மலைப் பக்கத்து மூங்கில், பிடிக்கு மேலே அம்புக்குப் பயன்பட்ட மூங்கில். ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, பட்டு நூல் சுற்றி, அரக்குப் பூசுகிறார்கள்.

குளத்தில் எனக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் கோல் செய்கிறவர். எதிர்முள் இல்லாமல் மீன் எப்படி நிற்கிறது என்று அவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல், கையில் இருந்த கோலை என்னிடம் கொடுத்துவிட்டார். நரம்பு விறைப்பாக இருக்கும்வரை முள் நழுவாது. மீன் எந்தப் பக்கம் திரும்பினாலும், தலையை உதறினாலும், மூங்கில் தானாகக் கூடுதலாக வளைந்தோ சற்று நிமிர்ந்தோ அந்த விறைப்பைக் காத்துக்கொள்கிறது. எதிர்முள் செய்ய வேண்டிய வேலையை இங்கே கோல் செய்கிறது. தக்கையும் செய்கிறது. இரை மீனின் வாய்க்குள் போன கணத்திலேயே தக்கை அதைச் சொல்லிவிட்டால் முள் உதட்டோரத்தில் ஏறும், தொண்டைக்குப் போகாது. நரம்பும் செய்கிறது. வழவழப்பான முள் சிறு விசையிலேயே ஏறிவிடுவதால், முள்ளை ஒட்டிய நரம்பு மெலிதாக இருந்தாலும் போதும். எதிர்முள்ளை நீக்கியதும் அதன் பொறுப்பு கோல், தக்கை, நரம்பு, பிடிப்பவரின் கை என்று எல்லாவற்றுக்கும் பிரிந்துபோகிறது. முள்ளைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இங்கே ஒரே நரம்பில் இரண்டு முட்கள் கட்டுகிறார்கள். நான் போனது பின் இலையுதிர் காலம், தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகிவிட்ட நேரம். அதற்குரிய முறை வேறு. மேல் முள்ளில், நீரில் உதிர்ந்து மேகமாகப் பரவும் மாவு. அது மீனை அழைப்பதற்கு மட்டும். கீழ் முள்ளில், மாச்சத்தால் ஆன வழுவழுப்பான சிறு உருண்டை. உதிரும் மாவோடு சேர்த்து மீன் இதையும் உறிஞ்ச வேண்டும். மேல் முள் பெரியது. வளைவு அகன்று, மாவை எறியும்போது உதிராமல் பிடித்துக்கொள்ளும். அவர் கட்டியிருந்தது 7-ஆம் எண். கீழ் முள் 3-ஆம் எண், தண்டு குட்டை, கம்பி மெல்லியது. ஜப்பானிய முள்ளில் எண் கூடக் கூட அளவு பெரிதாகும். இங்கிலாந்து, அமெரிக்க வழக்கில் 20-ஆம் எண் 10-ஐவிடச் சிறியது. இணையத்தில் முள் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அதோடு ஒரு நிறுவனத்தின் எண் இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு பொருந்தாது என்பதையும்.

கீழ் முள் ஏன் அவ்வளவு சிறியது? மீன் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது, பிடிக்காவிட்டால் உடனே துப்புகிறது. கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பற்கள் கிடையாது, இருப்பவை தொண்டையில். முள் கனமாக இருந்தால் அந்த உறிஞ்சலுக்கு இரை எழும்பி வராது. மிக இலேசான முள்ளோ மிதந்து மெதுவாக இறங்கும், மீன் இழுத்ததைத் தக்கை தாமதமாகச் சொல்லும். தாமதம் ஆக ஆக, முள் வாயின் உள்பக்கம் போகும் வாய்ப்பு கூடும். மிகச் சிறிய முள்தான் மீனுக்கு இரக்கமானது என்ற எண்ணம் எல்லா நேரத்திலும் சரியல்ல. உதட்டில் ஏறும் அளவுக்கு வாய் அகன்ற முள், உள்ளே போய்விடக்கூடிய குட்டி முள்ளைவிட நல்லது. கூர் அளவுக்கு மிஞ்சி நீண்டதும் வேண்டாம். எதிர்முள் இல்லாததால் அது தடையின்றி ஆழமாக ஏறிவிடும்.

தக்கைகள் பெரும்பாலும் மயிலிறகுக் காம்பில் செய்தவை. காம்பை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒட்டி, மணல் தாளால் உருட்டி எடுக்கிறார்கள். நம் ஊர்க் குளங்களிலும் மயிலிறகுக் காம்பைத் தக்கையாகக் கட்டுவது உண்டு என்று சொன்னதும் கோல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. தக்கையின் நுனி முழுக்கச் சிவப்பு, பச்சை, கறுப்பு வளையங்கள். ஈயத் தகட்டைக் கத்தரித்துக் கத்தரித்து, இரை கட்டினால் எந்த வளையம், இரை கரைந்தால் எந்த வளையம் நீர்மட்டத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு வளையம் சடக்கென்று அமிழ்ந்தால் மீன் உறிஞ்சிவிட்டது என்று பொருள். கை அதற்குள் எழும்பியாக வேண்டும்.

மீன் கரைக்கு அருகில் வந்ததும் நுண்கண் வலையில் ஏந்தினார். கோலைத் தளர்த்தியதுமே முள் தானாக விழுந்துவிட்டது. விழாதபோது, நரம்பின் வழியே ஒரு சிறு கருவியை இறக்கி முள்ளை வந்த வழியே தள்ளிவிட்டார். மீன் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை, அவர் கை அதன் மேல் படவும் இல்லை. மீனின் தோல் மேலுள்ள வழுவழுப்பு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். ஒருவேளை முள் உள்ளே ஆழமாகப் போய்விட்டால் தோண்டக் கூடாது, நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விட்டுவிடுவதே மீன் பிழைக்கும் வழி.

போட்டிகளில் ஒரு விதி உண்டு. வாயில் அல்லாமல் துடுப்பிலோ உடம்பிலோ முள் ஏறி வந்த மீன் கணக்கில் சேராது. மாவைச் சுற்றி மீன் கூட்டமாக மொய்க்கும்போது இது நடக்கும். உடனே மாவைக் கெட்டியாக்குவார்கள், இரையின் ஆழத்தை மாற்றுவார்கள், முள்ளை மாற்றுவார்கள். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. மீனுக்கு வலியும் பதற்றமும் இல்லாமல் தூண்டில் போட முடியாது. விடுகிறோம் என்பதால் அது இல்லாமல் போவதும் இல்லை. ஆனால் வாயில் முள் ஏறி வந்த மீனை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்கள்.

குழம்புக்குப் பிடிக்கிறவருக்கு எதிர்முள் நியாயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொழுதுக்காகத் தக்கை போட்டு, குட்டி மீன்களைத் திரும்ப விடுகிற பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைப்பது எதிர்முள் உள்ள முள்தானே என்று கோல்காரரிடம் கேட்டேன். அரத்தால் ராவ வேண்டாம் என்றார், மெலிந்த இடம் இன்னும் மெலியும். தட்டை வாய்க் குறடால், கூர்ப்பக்கத்திலிருந்து பிடித்து, மெதுவாக அழுத்தி எதிர்முள்ளைக் கம்பியோடு படியவைக்க வேண்டும். அவசரப்பட்டால் கூரே உடைந்துவிடும். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னார். நூல் மாட்டினால் இன்னொரு முறை அழுத்த வேண்டும்.