அடுக்களைச் சுவர்

சென்ற ஆண்டு தைத் திங்களில் எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரை இடித்தோம். ஒரு செங்கற்சுவரை இடித்ததைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். யானும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே பழைய ரப்பர் மரமொன்று வேலிக்குள் நிற்கின்றது. 1877-ஆம் ஆண்டில் இவ்வூரில் நடப்பெற்ற கன்றுகளுள் எஞ்சியது அஃதென்பர். அம்மரத்தின் இனத்தைச் சீவுவதற்காகக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் யான். என் தாயாரும் இருபத்தெட்டு ஆண்டுகள் பால் மரம் சீவியவரே.

தோட்டத்து லயத்தில் எங்கள் குசினி வீட்டின் பின்புறத்தே தகரக் கூரையின்கீழ் இருந்தது. இருவர் திரும்பினால் தோளிடிக்கும். சன்னல் கிடையாது. ரப்பர் விறகு காய்ந்திருந்தால் நன்கெரியும். மழை நாட்களிலோ அழ வைத்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு ஊதுகுழலின் ஓசை கேட்டே யான் கண் விழிப்பேன். பெரட்டுக்குப் போகுமுன் அம்மா சோறு வடித்து, குழம்பு கூட்டி, எங்களுக்கு மூடி வைத்துவிட்டுப் புறப்படுவார். அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தமையால், அதுவே அவருடைய இயற்கை நிறம் என்று சிறுவனாகிய யான் நம்பியிருந்தேன். வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருப்பதைப் பின்னாளில் படித்தபோது, அச்சிவந்த கண்களே என் நினைவிற்கு வந்தன.

தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர் நகரையடுத்து ஒரு வரிசை வீட்டை வாங்கினோம். விறகுக்குப் பதில் எரிவாயுத் தோம்பு வந்தது, புகை ஒழிந்தது. ஆயின் அடுக்களை மட்டும் ஏழடிக்குப் பத்தடியாய், கூடத்திலிருந்து சுவரால் அடைபட்டு, லயத்துக் குசினியின் தங்கையைப் போலவே அமைந்திருந்தது. அது குறித்து எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. தோன்றுவானேன்? யான் மேடைகளில் பெண்ணுரிமை பேசுபவன்; பேசி முடித்து வீடு வந்து, கூடத்தில் அமர்ந்து, "சாப்பாடு ஆயிற்றா?" என்று சுவரை நோக்கிக் குரல் கொடுப்பவன்.

தீபாவளியன்று நண்பர்கள் பலர் வந்திருந்தனர். மூன்று மணி நேரம் பேசிச் சிரித்துக் களித்தோம். அவர்கள் சென்றபின் என் மனைவி கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பதாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் அவள். "நீங்களெல்லாம் சிரித்தது மட்டும் கேட்டது. எதற்குச் சிரித்தீர்கள் என்பது கேட்கவில்லை," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவே சுவரை எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று.

நிற்க. அடைத்த அடுக்களை நம்மவரின் பழமையால் வந்ததென்றே யான் நினைத்திருந்தேன். அது முழு உண்மையன்று. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஓர் அடுக்களையை வகுத்தார். ரயில் வண்டியின் சமையலறையைக் கண்டு, பெண்ணின் நடையும் நேரமும் மிச்சப்படும்படி ஒவ்வொன்றையும் கையெட்டும் தூரத்தில் அமைத்தார். ஏறத்தாழ ஆறடி அகலம், பதினோரடி நீளம். எங்கள் அடுக்களைக்கு அக்காள் எனலாம். அவ்வூரில் இத்தகையன சுமார் 10,000 கட்டப்பட்டன. அடுத்த அறையில் விளையாடும் குழந்தைகளைத் தாய் காண வேண்டுமென்று தள்ளுகதவொன்றும் வைத்திருந்தார். நோக்கம் நல்லதே. எனினும், ஒருவருக்கு மேல் நிற்கவியலாத அவ்விடத்தில் பெண் தனித்துவிடப்பட்டாள் என்று பின்வந்த பெண்களே குறை கூறினர். அதனை வகுக்கும்வரை தாம் வீட்டில் சமைத்ததேயில்லை என்று அவ்வம்மையார் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். சமைத்தறியாமல் சமையலறை பற்றி முடிவு செய்யும் நானும் அவ்வண்ணமே என எண்ணிச் சற்று நாணினேன்.

எங்கள் வீட்டில் பாரத்தைத் தாங்குபவை காங்கிரீட் தூண்களும் உத்தரமுமே. இச்சுவர் வெறும் அடைப்பு என்று வரைபடத்தைப் பார்த்துக் கொத்தனார் உறுதி கூறினார். நகராண்மைக் கழகத்தில் அனுமதியும் பெற்றோம். மிளகாய் தாளித்தால் கூடமெல்லாம் தும்முமே என்பதொன்றே கவலை. இந்நாட்டில் வசதியுள்ளோர் இதற்கொரு வழி வைத்திருக்கின்றனர்: கூடத்தையொட்டி அழகுக்கொரு 'உலர் சமையலறை', பின்கட்டில் பொரிக்கவும் வறுக்கவும் ஒரு 'ஈரச் சமையலறை'. முன்னதில் காப்பி கலக்கலாம். வேலையும் வேலை செய்பவளும் மறுபடி பின்கட்டிற்கே போய்விடுவர். என் மனைவி அதனை ஏற்கவில்லை. அடுப்பு ஒன்றே போதும் என்று சொல்லி, பின்சுவரில் அகன்ற சன்னலும், ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும் குழாய்ப் பொறியும் வைக்கச் செய்தாள். எல்லாம் சேர்ந்து 18,000 வெள்ளி ஆயிற்று.

எதிர்ப்பு வந்தது யான் எதிர்பாராத இடத்திலிருந்து. "சுவர் இருக்கட்டும், தம்பி," என்றார் எண்பத்து மூன்று வயதான என் தாயார். புகையில் வெந்தவர் அடைப்பை விரும்புவதேன் என்று வியந்தேன். பழக்கம் என்று எண்ணி, காற்று, வெளிச்சம் என அவருக்கு விளக்கம் கூறலானேன். இடிப்பதற்கு முந்திய இரவு அவரே என்னை அருகிலழைத்துச் சொன்னார்:

"உங்கப்பா கள்ளுக்கடையிலிருந்து வருகிற நேரம் எனக்குத் தெரியும். உங்களைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆம்பிளை குசினிக்குள் வருவது வெட்கக்கேடு என்று அவருக்கு நினைப்பு. வாசலோடு நின்று கத்திவிட்டுப் போய்விடுவார். அந்த வெட்கந்தான் எனக்குத் தாழ்ப்பாள்."

எனக்குப் பேச்செழவில்லை. அந்தக் குசினியின் இருளில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது நினைவிருந்தது. காரணம் மட்டும் இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. ஆடவர் நுழையாத இடமென்று யான் கூட்டங்களில் இழித்துப் பேசியது, அவருக்குக் கிடைத்த ஒரே அரணாக இருந்திருக்கின்றது.

என்னிலும் விரைவாக முடிவு கண்டவள் என் மனைவி. பின்கதவோரம் மூன்றடிச் சுவரை மட்டும் விட்டுவைக்குமாறு கொத்தனாரிடம் கூறினாள். இதென்ன கோலம் என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே விட்டுவைத்தார். அத்துண்டுச் சுவரின் பின்னே அம்மாவின் பலகையும், நீர் குளிர்வதற்காக அவர் வைத்திருக்கும் கரிய லாபு சாயோங் குடுவையும் இருக்கின்றன. பகலில் சில வேளை அங்குப் போய் அமர்ந்துகொள்வார். அவ்வேளையில் நாங்கள் அப்பக்கம் போவதில்லை.

இப்போது கழுவுதொட்டி கூடத்தை நோக்கியிருப்பதால், யான் பாத்திரம் துலக்குவதை வருவோரெல்லாம் காண்கின்றனர். முதல் வாரத்தில் நண்பரொருவர் வந்தபோது, யான் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு ஓடினேன் என்பதை மறைப்பானேன்? அமர்ந்து அவருடன் அரசியல் பேசத் தொடங்கினேன். துண்டுச் சுவரின் பின்னிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"வெங்காயத்தை அரிந்து கொடுத்துவிட்டுப் பேசு, தம்பி."

எழுந்து போய் அரிந்தேன். நண்பர் விடைபெற்றுப் போகவுமில்லை. எழுந்து வந்து உதவவுமில்லை.