ஒரே நாள் பச்சைச் சட்டை

2024 மார்ச் 19 அன்று உணவு டெலிவரி நிறுவனமான சொமேட்டோவின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல் எக்ஸ் தளத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார். முழுச் சைவக்காரர்களுக்கு இனி தனி டெலிவரிப் படை. அந்தப் படைக்கு வழக்கமான சிவப்புக்குப் பதிலாகப் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. பெட்டிக்குள் சில சமயம் சாப்பாடு சிந்திவிடுகிறது, முந்தைய ஆர்டரின் வாடை அடுத்ததில் ஏறிவிடுகிறது என்று காரணமும் சொன்னார்.

காரணம் நியாயமானதுதான். மீன்குழம்பு வாடையோடு தயிர்சாதம் வந்தால் நானும் முகம் சுளிப்பேன். ஆனால் மறுநாளே பச்சை போய்விட்டது.

சுற்றறிக்கை எழுதியே காலம் தள்ளியவன் நான். அதில் 'பெறுநர்' என்று ஒரு வரி இருக்கும். ஊழியருக்குப் போகும் தாள் வாடிக்கையாளர் கைக்குப் போகாது; யாருக்கு எதை முதலில் சொல்வது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சமூக ஊடகத்தில் அந்த வரி கிடையாது. கோயல் பேசியது சைவ வாடிக்கையாளரிடம். படித்தவர்களோ சிவப்புச் சட்டைக்காரர், வாடகைக்குக் குடியிருப்பவர், அவருடைய வீட்டுக்காரர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் எல்லோரும்.

பச்சை சைவமாகிவிட்டால் சிவப்பு என்ன ஆகும்? அதைக் கம்பெனி அறிவிக்கவே வேண்டாம், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே சொல்லிவிடுவார். டெலிவரி பையன்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலகை மாட்டிய அடுக்குமாடிகளை நாம் பார்த்திருக்கிறோம். 'சைவம் மட்டும்' என்று வீடு வாடகைக்கு விடுவது சென்னையில் புதிதல்ல. அப்படிப்பட்ட வாசலில், அதுவும் ஒரு விரத நாளில், சிவப்புச் சட்டையோடு நிற்பவன் பாடு என்ன?

அறிவிப்பில் இன்னொரு வரியும் என் கண்ணில் பட்டது. இந்தத் திட்டத்துக்கு மதச் சார்போ அரசியல் சார்போ இல்லை, யாரையும் ஒதுக்கவும் இல்லை என்ற விளக்கம். கேள்வி வருவதற்கு முன்பே பதில்! என் வரைவுகளில் இப்படி ஒரு வரி தானாக வந்து உட்காரும்போது, வாக்கியத்தைச் சீர்செய்வதை நிறுத்திவிட்டு, திட்டத்தைப் போட்டவரிடம் கோப்பைத் திருப்பி எடுத்துப்போவேன். அவருக்குக் கோபம் வரும். வந்தால் என்ன?

மறுநாள் பதிவு எனக்கு முந்தையதைவிடப் பிடித்திருந்தது. அதே தளத்தில், அதே மனிதர் சொன்னார். தகவல் தொடர்புப் பிரிவின் பின்னால் ஒளியவில்லை, தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று மழுப்பவும் இல்லை. இனி எல்லோருக்கும் சிவப்புதான். சைவப் படை தொடரும், ஆனால் தெருவில் அடையாளம் தெரியாது, ஆப்பில் மட்டும் தெரியும். சிவப்புச் சட்டைக்காரர்களைக் குடியிருப்புச் சங்கங்கள் தடுக்கக் கூடாது, அவர்களுடைய பாதுகாப்பு முக்கியம், வாடிக்கையாளருக்கும் வீட்டுக்காரரோடு தகராறு வரக் கூடாது என்று விளக்கினார். எது போகிறது, எது இருக்கிறது, யாருக்காக என்பது குழப்பமில்லாமல் இருந்தது. முதல் நாளே இந்த மனிதர்களை நினைத்து எழுதியிருந்தால் பச்சைச் சட்டை தையற்கடைக்கே போயிருக்காது.

நிறம் போனதே தவிர, படை போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிந்துவதுதான் பிரச்சினை என்றால் மூடி இறுகப் பொருந்தும் டப்பா போதாதா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.