கடைசியா எப்போ நல்லா ஓடுச்சு?

"ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வை. முதல்ல அவர் சொல்றதைக் கேளு."

கடைக்கார அண்ணன் சொன்னதும், தொழில் பழகும் தம்பி கையை எடுத்துவிட்டான். அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக் கிடக்கும் சந்துகளில் ஒன்றில், குறுகலான படியேறிப் போனால் வரும் மாடிக் கடை அது. மேசையில் ஒரு பழைய டெஸ்க்டாப். ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கொண்டுவந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"கடைசியா எப்போ நல்லா ஓடுச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

சனிக்கிழமை ராத்திரி வரை ஓடியதாம். ஞாயிறன்று கடையைக் கழுவுவதற்காக மேசையை நகர்த்தினார்களாம். அண்ணன் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் பக்கத் தகட்டைக் கழற்றி ரேமை உருவினான். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை எடுத்து, ரேமின் தங்க நிற விளிம்பை இரு பக்கமும் தேய்த்தான். தூளை வாயால் ஊதவில்லை, எச்சில் ஈரம் படும் என்று பிரஷால் தட்டினான். ரேமைத் திரும்பச் செருகி, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தினான். திரை வந்துவிட்டது.

தச்சுப் பட்டறையையும் தறிக்கூடத்தையும் தேடிப் போய்ப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை யாரும் அப்படிப் போய்ப் பார்ப்பதில்லை. இதுவும் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாலும் காதாலும் கற்கிற தொழில்தான் என்று எனக்கு வெகு நாளாக ஓர் எண்ணம். அதனால் மூன்று நாள் இவர்களோடு இருந்தேன்.

தம்பிக்கு வயது 19. ஐடிஐயில் ஓராண்டு 'கோபா' என்ற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு படித்தவன். தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்குகிறான். தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆனால் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரிய நிறுவனங்களுக்குத்தான். மூன்றே பேர் வேலை செய்யும் இந்த மாடிக் கடையில் அவன் கற்பதற்குச் சான்றிதழ் கிடையாது. இது எனக்கு உறுத்துகிறது. அவன் கற்றுக்கொள்வது சின்ன வித்தையில்லை.

இரண்டாம் நாள் திருவல்லிக்கேணியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சர்வீஸ் கால் இருந்தது. நடந்தே போனோம். வழியில் அவனாகவே சொன்னான், சேர்ந்த முதல் மாதம் நடந்ததை. ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப். "சி டிரைவ்ல எதுவும் வைக்கல அண்ணா" என்று அந்தப் பெண் சொல்ல, இவன் நம்பி ஃபார்மட் அடித்துவிட்டான். அவளுடைய ப்ராஜெக்ட் முழுவதும் டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் என்று நாம் பார்ப்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்; கேட்கத் தோன்றவில்லை. "அந்தப் பொண்ணு திட்டவே இல்ல சார். அப்படியே படியில உக்காந்துட்டாங்க." இப்போதெல்லாம் அவன் "டேட்டா இருக்கா?" என்று கேட்பதில்லை. "டெஸ்க்டாப்ல என்னென்ன வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறான்.

ஆபீஸில் கணக்கு எழுதும் அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நான் எதையும் தொடலப்பா." எல்லா இடத்திலும் முதலில் வருவது இந்தப் பயம்தான். "நீங்க ஒண்ணும் பண்ணலக்கா, உக்காருங்க" என்றவன், குனிந்து கேபிளை விரலால் நீவிக்கொண்டே போனான். நெட்வொர்க் ஸ்விட்சில் அக்காவின் கணினி செருகிய போர்ட்டுக்கு மட்டும் விளக்கு எரியவில்லை. நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி, மேசைக்கடியில் ஒரு ஜாண் தூரத்தில் கேபிள் நசுங்கியிருந்தது.

அதுவரை வெட்டி எறிந்துவிட்டு, எட்டு கம்பிகளையும் முறுக்கு நீக்கி வரிசை வைத்தான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி மட்டும் நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனித்தேன். புதிதாகக் கற்பவர்கள் பச்சையைப் பச்சையோடு சேர்த்துவிடுவார்களாம். இரு முனையிலும் அப்படியே சேர்த்தால் விளக்கும் எரியும். ஆனால் முறுக்கிய ஜோடி மாறிப்போவதால் ஒரு கம்பியின் சிக்னல் இன்னொன்றில் ஏறி, நெட் திக்கித் திணறும். கிரிம்பிங் டூலை அழுத்தினான். பச்சை விளக்கு மினுங்கியது.

மூன்றாம் நாள் மாலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பென் டிரைவோடு படியேறி வந்தார். 2003இல் தன் ஊர் வரலாற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இப்போது திறந்தால் ஒரு தமிழெழுத்துகூட இல்லை. 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. "வைரஸ் தின்னுடுச்சா தம்பி?"

"தின்னல ஐயா, உள்ளேதான் இருக்கு."

அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரியும். தமிழெழுத்துக்கென்று தனி எண் தரும் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றதே 2010இல்தான். தம்பி முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தான். பாமினியை ஏற்றியதும் பக்கங்கள் தமிழாயின. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தம்பி அதோடு நிறுத்தவில்லை. இவர் இதை வேறொரு கணினிக்கு அனுப்பினால் மறுபடியும் ஜே, கே, பிதான். யூனிகோடுக்கு மாற்றினான். இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிட்டன. அதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். ஐயா வாய்விட்டுப் படிக்க, தம்பி திருத்த, அண்ணன் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, "டேய், வண்டிக்கு நேரமாகலையா?" என்றார்.

"அடுத்த வண்டி இருக்குண்ணா" என்றவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐயா, இந்த இடத்துல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருந்தீங்க?"