கியூபெக் நகரின் இரு சேனாதிபதிகள்

நமது கலாசாலைச் சஞ்சிகைக்கு ஒரு வியாசம் எழுதியனுப்புமாறு அதன் பத்திராதிபர் பணித்தபோது, யாது எழுதுவதென்று சில நாள் மயங்கினோம். பழைய மாணாக்கர் எழுதுவன பெரும்பாலும் 'அந்தக் காலத்திலே' என்று தொடங்கி, இக்காலத்தாரைக் குறைகூறி முடிவது வழக்கம். அவ்வழியிற் செல்ல எமக்கு விருப்பமில்லை. ஆயினும் இக்கலாசாலையிற் பயின்ற நாளில் யாம் செய்த பிழையொன்று நெஞ்சின் ஒரு மூலையிற் கிடந்து இன்றும் உறுத்துகின்றது. அதனைச் சொல்லவேண்டுமாயின், 1759-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலே கியூபெக் என்னும் நகரின் பொருட்டு நிகழ்ந்த போரைச் சொல்லியே தீரவேண்டும். இவ்விரண்டிற்கும் யாது தொடர்பென்று அன்பர்கள் வினவலாம். சற்றே பொறுத்துக் கேட்டருள்க.

யாம் முதலாண்டு வகுப்பிலிருந்தபோது, கிரே என்னும் ஆங்கிலப் புலவர் நாட்டுப்புறக் கல்லறைகளைக் கண்டு பாடிய இரங்கற்பா எமக்குப் பாடமாயிருந்தது. அதனைக் கற்பித்த ஆசிரியர் ஒரு கதை சொன்னார். ஆங்கிலச் சேனாதிபதியாகிய வுல்ப் என்பவர், மறுநாட் காலையிற் கியூபெக் நகரைத் தாக்குதற்காக இரவிற் படகேறிச் செல்லும்பொழுது இப்பாட்டை மெல்ல ஓதினாராம். இந்நகரைப் பிடிப்பதினும் இப்பாட்டை இயற்றியிருப்பதே தமக்கு உவப்பென்றாராம். அவ்விரவில் அவர் அங்ஙனம் சொல்லியிருப்பாரோ என்பதில் சரித்திர ஆசிரியர்க்கு ஐயமுண்டு. ஆயினும் அவர் அப்பாட்டில் ஈடுபட்டிருந்தது மெய்யே. அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த நங்கை அளித்த பிரதி, அவர் தம் கைப்பட எழுதிய குறிப்புக்களுடன் டொராண்டோ சர்வகலாசாலைப் புத்தகசாலையிற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

கதையைக் கேட்ட நாள்முதல் வுல்ப் எமக்குத் தெய்வம்போல் ஆனார். எம்மோடு விடுதியில் ஒரே அறையில் வசித்த நண்பரொருவருக்கோ, அவரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுச் சேனாதிபதி மோன்காமின்மீது அன்பு மிகுந்தது. இரவு விளக்கணைத்த பின்னும் இருவரும் வாதாடுவோம். இதனையறிந்த மாணவர்கள், தர்க்க சங்கத்தில் 'இருவருள் மேம்பட்டவர் யாவர்?' என்பதையே பொருளாக வைத்துவிட்டனர். அன்று நடந்ததைச் சொல்லுமுன், போர் நடந்த வகையைச் சுருக்கிச் சொல்வோம்.

கியூபெக் நகரம் செயின்ட் லாரன்சு நதியின் வடகரையிலே, செங்குத்தான பாறைமீது அமைந்தது. பிரெஞ்சுக்காரர் 1608-ஆம் ஆண்டில் நிறுவிய இந்நகரே அவர்தம் கனடா நாட்டின் தலைவாயில். இதனைக் கைக்கொள்வோர் அந்நாட்டின் உள்வழி முழுவதையும் கைக்கொண்டவராவர். ஏழாண்டு யுத்தம் என வழங்கும் பெரும்போர் நடந்துகொண்டிருந்த 1759-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சாண்டர்சு என்னும் கடற்படைத் தலைவர் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை அந்நதியின் ஆபத்தான நீர்வழிகளினூடே நடத்திவந்தார். வழியின் ஆழமறிந்து படம் வரைந்தவருள் ஒருவர், பிற்காலத்துப் பெரும் புகழ்பெற்ற மாலுமி ஜேம்சு குக் ஆவர். அக்கப்பல்களில் ஏறக்குறைய 8,500 போர்வீரருடன் வந்தவர் வுல்ப்.

வுல்புக்கு வயது அப்பொழுது 32. மெலிந்த உடல், தீராத பிணி. முன்னாண்டில் லூயிபர்க்குக் கோட்டை முற்றுகையிற் பெயரெடுத்தவர். தம் கீழிருந்த மாங்க்டன், டவுன்செண்டு, மரே என்னும் மூன்று தலைவரோடும் மனம் ஒத்தவரல்லர். டவுன்செண்டு தம் தலைவரைக் கேலிப்படமாக வரைந்து பிறர்க்குக் காட்டி நகைத்தார் என்றால், அப்பாசறையின் ஒற்றுமையை அளவிட்டுக்கொள்ளலாம்.

மோன்காமுக்கு வயது 47. 1758-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் கரியோன் கோட்டையின் முன் தம்மினும் மிகப் பெரிய ஆங்கிலப் படையை முறியடித்தவர். ஆயினும் அவர் மனம் தென் பிரான்சிலிருந்த தம் கான்டியாக் இல்லத்தையே நாடிக்கொண்டிருந்தது. மனைவிக்கும் தாய்க்கும் எழுதிய கடிதங்களில் அவ்வேக்கம் விளங்கும். அவருக்கும் அந்நாட்டுக் கவர்னராகிய வோத்ரேய் என்பவருக்கும் ஓயாத பிணக்கு. கனடாவிலேயே பிறந்த வோத்ரேய், காட்டுவழிகளிற் பரவிநின்று பகைவரை அலைக்கவேண்டும் என்பர். மோன்காமோ படையைத் திரட்டி நகரைக் காக்கவேண்டும் என்பர். மதிலுக்கு வெளியே பகைவர். உள்ளே பசியும் பிணக்கும். நொச்சி சூடி மதில் காத்தோர்க்கு இதனினும் இடர் வேறுண்டோ?

அக்கோடை முழுவதும் நகரத்தார் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. ஜூலை 12-ஆம் நாள் தொடங்கி எதிர்க்கரைப் பீரங்கிகள் இரண்டு மாதகாலம் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. தலைமைத் தேவாலயம் எரிந்தது; கீழ்நகரத்து வீடுகள் சாம்பலாயின. ஜூலை 31-ஆம் நாள் மோன்மொரென்சி அருவியருகே கரையேற முயன்ற வுல்பின் படை, 400-க்கு மேற்பட்டோரைச் சாவிலும் காயத்திலும் இழந்து திரும்பியது. பின்னர் அவர் கட்டளையால் நதிக்கரைச் சிற்றூர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் கொளுத்தப்பட்டன. கிரேயின் பாட்டில் உழவர்தம் எளிய கல்லறைகளுக்காக உருகிய அதே உள்ளம், உழவர்தம் வீடுகளைக் கொளுத்தவும் துணிந்தது! இச்செய்தியை எம் ஆசிரியர் சொல்லிற்றிலர். யாம் தேடிற்றும் இலம்.

குளிர்காலம் நெருங்கியது, நதி உறையுமுன் கப்பல்கள் திரும்பவேண்டும். நகருக்கு மேற்கே கரையேறி உணவு வழியை அறுக்கலாம் என்று கீழ்த்தலைவர் மூவரும் கூறினர். இடத்தைத் தேர்ந்தவர் வுல்பே. ஃபூலோன் என்னும் சிறு துறையினின்று 50 மீட்டருக்கு மேலுயர்ந்த செங்குத்தின்மேல் ஒரு பாதை சென்றது. செப்டம்பர் 12-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் படகுகள் வற்றுநீரோடு மிதந்து சென்றன. அன்றிரவு பிரெஞ்சு உணவுப் படகுகள் வருவதாயிருந்தது. பின் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியதைக் காவலர்க்கு அறிவிப்பாரில்லை. ஆகவே, இருளில் வினவிய காவலனுக்கு ஆங்கிலப் படையிலிருந்த ஒருவர் பிரெஞ்சு மொழியில் விடையிறுக்கவே, அவன் தம்மவரென்று நம்பி வழிவிட்டான். பேரரசுகளின் ஊழ், சொல்லாது விட்ட ஒரு செய்தியில் தொங்கிக்கொண்டிருந்தது.

13-ஆம் நாள் விடிந்தபோது, ஏறக்குறைய 4,500 ஆங்கில வீரர் நகரின் மேற்கே ஆபிரகாம் மேட்டில் அணிவகுத்து நின்றனர். இப்பெயர் வேதாகமத்து ஆபிரகாமைக் குறித்ததென்றே யாம் பலகாலம் எண்ணியிருந்தோம். அன்று, அவ்விடத்தே நிலம் பெற்றிருந்த ஆபிரகாம் மார்த்தேன் என்னும் பழைய மாலுமியின் பெயரே அது.

மோன்காம் செய்தியறிந்து நகரின் கிழக்கிலிருந்து விரைந்து வந்தார். போகன்வீல் என்னும் தலைவர் ஏறக்குறைய 3,000 பேருடன் மேற்கே சில மணிநேர வழித்தூரத்தில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருந்தால் பகைவர் இருபடைக்கும் நடுவே அகப்படுவர். மோன்காமோ காத்திராது, காலை 10 மணியளவில் தாக்கினார். அவர் படையில் பழகிய சிப்பாய்களும் குடிப்படையினரும் கலந்திருந்தமையால் அணி குலைந்தது. ஆங்கிலேயர் துப்பாக்கிகளில் இரண்டிரண்டு குண்டுகளிட்டு, பகைவர் மிக அணுகும்வரை வாளாநின்று, பின் ஒருங்கே சுட்டனர். கால்மணி நேரமளவில் எல்லாம் முடிந்தது. இருபுறமும் இறந்தோரும் காயமுற்றோரும் ஒவ்வொரு பக்கத்திலும் 600-க்கு மேலாயினர்.

மணிக்கட்டிலும் வயிற்றிலும் மார்பிலும் குண்டுபட்ட வுல்ப், பகைவர் ஓடுகின்றனர் என்னும் செய்தி கேட்டுக் களத்திலேயே உயிர்நீத்தார். பின்வாங்கிய படையோடு குதிரைமீதிருந்த மோன்காமையும் குண்டு துளைத்தது. தாங்கிப்பிடித்தவரோடு நகர்வாயில் புகுந்த அவர், மறுநாள் விடியலில் இறந்தார். நகரம் பகைவர் கைப்படுவதைக் காணாதிறப்பதில் தமக்கு மகிழ்ச்சியே என்று அவர் கூறியதாகச் சொல்வர். உர்சுலைன் கன்னிமடத்துக் கோவிலில், குண்டு விழுந்து பிளந்த குழியே அவருக்குப் புதைகுழியாயிற்று. எதிர்நின்ற தலைவர் இருவரும் ஒரே போரில் வீழ்வதைத் தும்பைத் திணையிலே தனித்துறையாக நம் பண்டை இலக்கணத்தார் கண்டனர். கியூபெக் அதற்கோர் இலக்கியமாயிற்று. நகருக்கு வெளியேயிருந்த மருத்துவமடத்தில் கன்னியர்கள் இருதிறத்துக் காயக்காரரையும் வேற்றுமையின்றிப் பேணினர். 18-ஆம் நாள் நகரம் சரணடைந்தது.

இனி எம் தர்க்க சங்கத்துக்கு வருவோம். எம் நண்பர் எழுந்து, மோன்காம் அவசரப்பட்டது மடமையாலன்று என்று பேசினார். மேட்டைப் பற்றிய பகைவர் நகருக்கு உணவு வரும் வழியை அறுத்துவிட்டனர், பொழுது செல்லச்செல்ல அவர் பீரங்கியேற்றி அரண் செய்துகொள்வர், கவர்னரோ உடன்பட்டுழையார், ஆதலின் எவ்வழியும் தீதாகிய இடத்தில் ஒருவழியைத் தேர்ந்து, அதற்குத் தம் உயிரையே ஈடு வைத்தார் என்பது அவர் வாதம். வெற்றியை வைத்து மட்டும் மனிதரை அளக்கலாகாது என்றும் முடித்தார். அவையில் அமைதி நிலவியது. எமக்கு விடை தோன்றவில்லை.

விடை தோன்றாதபோது நாவு விஷத்தை நாடும். எம் நண்பர் முன்னாண்டுப் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறியிருந்தார். அதனால் அவர் வீட்டில் நேர்ந்த துன்பத்தை எம்மிடம் மட்டுமே கண்ணீரோடு சொல்லியிருந்தார். யாம் எழுந்து, 'தோற்பதிற் பழக்கமுடைய நண்பர் தோற்றவர் பக்கம் நிற்பது இயல்பே' என்றோம். அவை கைகொட்டி நகைத்தது. வாக்கெடுப்பில் யாமே வென்றோம். அன்றிரவு அவர் எம்மோடு பேசவில்லை. மறுவாரம் வேறு அறைக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகளின் பின், அப்போரின் வரலாற்றை நிதானமாகப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. மோன்காம் செய்தது சரியா தவறா என்பதில் அறிஞர் இன்றும் ஒருமுகப்பட்டிலர். ஆனால் எம் நண்பர் எடுத்துக்காட்டிய ஒவ்வொன்றும் பொருளுள்ளது என்பதை அறிந்தோம். அதனினும் வியப்பு ஒன்றுண்டு. அக்கால்மணி நேரப் போர் யுத்தத்தை முடிக்கவேயில்லை. 1760-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் லெவி என்னும் பிரெஞ்சுத் தலைவர் திரும்பிவந்து, செந்தபுவா என்னுமிடத்தில் ஆங்கிலேயரை வென்று நகரை முற்றுகையிட்டார். அப்பொழுது இருதிறத்தாரும் நதியையே நோக்கியிருந்தனர். எவர் கப்பல் முதலில் வருமோ அவர்க்கே நகரம். மே 9-ஆம் நாள் வந்தது ஆங்கிலக் கப்பல். பிரெஞ்சுக் கடற்படை முன்னைய நவம்பரிலேயே கிபரோன் குடாவில் நொறுங்கியிருந்தது. லெவி திரும்பினார், 1760 செப்டம்பரில் மோன்றியாலும் சரணடைந்தது.

இதே யுத்தம் நம் நாட்டிலும் நடந்ததன்றோ? லாலி என்னும் பிரெஞ்சுத் தலைவர் 1758 டிசம்பரிற் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றியவுடன் விட்டகன்றார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் அயர்கூட்டிடம் தோற்று, மறுவருடம் புதுச்சேரியையும் இழந்தார். அவரைப் பகைவர் கொன்றிலர். தம் நாட்டாரே 1766-இல் பாரிசு நகரிற் சிரச்சேதம் செய்வித்தனர். தோற்றவனுக்கு உலகம் தரும் கூலி இதுவே. எம் நண்பருக்கு அன்று யாம் தந்ததும் இவ்வினத்ததே.

இதற்கு மாறாகக் கியூபெக் நகரில் ஒரு ஸ்தூபி நிற்கின்றது. 1827-ஆம் ஆண்டு நவம்பரில், கவர்னர் டல்ஹௌசி பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். பிற்காலத்து இந்தியாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த டல்ஹௌசி இவர் மகனாரே. அவ்விழாவில் வுல்பின் படையிற் சேவித்த 95 வயது முதியவரொருவரும் பங்குகொண்டார். ஒரே கல்லில், ஒருபுறம் வுல்ப், மறுபுறம் மோன்காம். வீரம் அவ்விருவர்க்கும் ஒரே மரணத்தையும், சரித்திரம் ஒரே புகழையும், பின்வந்தோர் ஒரே நினைவுச் சின்னத்தையும் அளித்தன என்னும் கருத்து இலத்தீன் மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது. வென்றவர் பெயரைத் தோற்றவர் பெயரோடு சேர்த்தெழுத அந்நகரத்துக்கு 68 ஆண்டுகள் ஆயின. கொளுத்தப்பட்ட பண்ணைகளின் உழவர் பெயரோ அக்கல்லில் இல்லை. மோன்காமின் எலும்புகள் 2001-ஆம் ஆண்டில் அம்மருத்துவமடத்து மயானத்துக்கு மாற்றப்பட்டு, அவருடைய வீரர் பலர் துயிலும் மண்ணிலே அவரும் துயில்கின்றார்.

அந்த ஸ்தூபியின் படத்தை முதன்முதல் ஒரு புத்தகத்திற் கண்டபோது, எம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினோம். 'வாதத்தில் நீயே வென்றாய். அன்று தோற்றவன் யான்' என்று எழுதி, மேலே எழுதக் கூசி, நாளை எழுதுவோமென்று மேசையுள் வைத்தோம். நாளைகள் பல சென்றன. ஒருநாள் அவர் காலமானார் என்னும் செய்தி வந்தது. முடிக்காத அக்கடிதம் இன்னும் எம்மிடமே இருக்கின்றது.

மாணவ நண்பர்காள்! சேனாதிபதிகளின் கதையை விரும்பிப் படியுங்கள்; சொற்போரில் வெல்லவும் முயலுங்கள். ஆனால் எதிர்நின்றவன் மெய் பேசினால், அதனை அன்றே, அவையிலேயே, அவன் காது கேட்கச் சொல்லிவிடுங்கள். ஸ்தூபி எழுப்புதற்கு நகரங்களுக்குக் காலமுண்டு, நமக்கில்லை.