‘இன்னும் இல்லை’ என்று சொல்லத் தெரிந்த குழந்தை

மலை மாதேஸ்வரன் குன்றுகளுக்குப் போகும் வழியிலுள்ள ஹனூர், இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு, 1956 வரை, கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. மார்த்தள்ளி, சந்தனபாளையம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களுக்கு ஞானஸ்நானம் கைக்குழந்தைப் பருவத்துச் சடங்கு. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கின்றனர். குழந்தை தானே பதில் சொல்லும் காலம் புதுநன்மையின்போதும் உறுதிபூசுதலின்போதும் வருகிறது.

இத்தகைய ஊரில் பிறந்து, பின்பு முழுக்கு ஞானஸ்நானத்தை மட்டுமே ஏற்கும் சபையொன்றில் சேர்ந்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். பத்து வயது மகள் ஒரு ஞாயிறன்று கேட்கிறாள்: “அம்மா, எனக்கு எப்போது ஞானஸ்நானம்?” பெரியப்பா மகன் சென்ற மாதம் முழுக்குப் பெற்றான். புதுத்துணி, விருந்து, சபையார் எல்லாரும் தலையில் கைவைத்து வாழ்த்தியது, யாவும் அவள் கண்முன் நிற்கின்றன. “பிறந்த மாதத்திலேயே ஊற்றியிருக்க வேண்டிய தண்ணீர்” என்கிறார் பாட்டி. “இன்னும் வளரட்டும்” என்கிறார் தந்தை. மகள் கேட்பது விசுவாசத்தாலா, விருந்தின் நினைவாலா, தன்னை மகிழ்விக்கும் ஆசையாலா என்று தாய்க்குத் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் திருச்சபையைப் போலவே பழையது. ஏறத்தாழ கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், சிறுவர்களின் ஞானஸ்நானத்தைத் தாமதிப்பதே நலம் என்று எழுதினார். 354-இல் பிறந்த அகுஸ்தீன் சிறுவனாயிருந்தபோது கடும் நோயுற்று ஞானஸ்நானம் கேட்டார். தாய் மோனிக்கா அதற்கு ஆயத்தம் செய்தார். நோய் நீங்கியதும் சடங்கு தள்ளிவைக்கப்பட்டது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில், 32-ஆம் வயதில், மிலானில் அம்புரோசின் கையால்தான் அவர் அதைப் பெற்றார். பிற்காலத்தில் தம் தன்வரலாற்று நூலில் அந்தத் தாமதம் நன்மைக்குத்தானா என்று அவரே வினவினார். அச்சத்தில் எழுந்த விருப்பத்தை நம்பலாமா, நம்பாமல் தள்ளிவைத்தால் அதன் விலை என்ன என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே நிற்கின்றன.

கத்தோலிக்க மரபு ஒரு வயதைக் குறிக்க முயன்றது. நன்மை தீமையைப் பகுத்தறியும் பருவத்தை 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் பேசியது. அது ஏறத்தாழ ஏழு வயது என்று 1910-இல் பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை தெளிவாக்கியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, கைக்குழந்தைப் பருவம் கடந்து பகுத்தறிவு பெற்றவர் ஞானஸ்நானம் கேட்டால், பெரியவர்களுக்கான விதிகளே அவருக்கும் பொருந்தும். ஆகவே குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் மரபிலும் ஆயத்தம் என்ற கேள்வி மறைவதில்லை; இடம் மாறுகிறது. 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை குழந்தை ஞானஸ்நானம், விசுவாசியின் ஞானஸ்நானம் ஆகிய இரு வழக்கங்களையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றது. எனவே மார்த்தள்ளிப் பாட்டியும் முழுக்குச் சபைத் தாயும் நினைப்பதைவிட நெருக்கமாகவே நிற்கின்றனர்.

இந்திய வரலாற்றில் இக்கேள்வி ஒரு தந்தையின்முன் வெளிப்படையாக நின்ற நாள் 1800, டிசம்பர் 28. அன்று செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் வில்லியம் கேரி இருவருக்கு முழுக்குக் கொடுத்தார். ஒருவர் தச்சர் கிருஷ்ண பால். மற்றவர் கேரியின் மூத்த மகன் பெலிக்ஸ், வயது 14. தாய் டோரதி மனநோயால் அவதியுற்றிருந்தார். தந்தையோ வேலை மிகுதியில் மூழ்கியிருந்தார். கட்டுக்கடங்காத சிறுவன் என்று பெயரெடுத்த பெலிக்சைப் பொறுமையுடன் வழிநடத்தியவர் அச்சுப்பணிக்கு வந்த வில்லியம் வார்டு. பெற்றோரின் கண் காணத் தவறுவதை வேறொரு கண் காண முடியும் என்பதற்கு இது சான்று.

அந்நாளில் வேறொன்றும் நடந்தது. கிருஷ்ண பாலுடன் முழுக்குப் பெறவிருந்த கோகுலும் இரு பெண்களும் தயங்கிப் பின்வாங்கினர். அந்தப் பெண்கள் பின்னர் முழுக்குப் பெற்றனர். ‘இன்னும் இல்லை’ என்ற சொல் அவர்களுக்குக் கதவை அடைத்துவிடவில்லை.

பெலிக்சின் பிற்கால வாழ்வும் சிந்திக்கத்தக்கது. பர்மாவில் ஊழியம் செய்த அவர் 1814-இல் அதைவிட்டுப் பர்மிய அரசரின் பணியில் சேர்ந்தார். பின்பு சில காலம் அலைந்தார். இறுதியில் செராம்பூர் திரும்பி வங்க மொழியில் நூல்கள் ஆக்கி 1822-இல் இறந்தார். பதினான்கு வயதில் சொன்ன பதில் பின்வரும் ஆண்டுகளுக்கெல்லாம் உத்தரவாதம் ஆகாது. அதனால் அந்தப் பதில் பொய்யாகிவிடுவதும் இல்லை. அத்தகைய உத்தரவாதத்தைக் குழந்தையிடம் தேடும் பெற்றோர், தங்களிடமே இல்லாத ஒன்றை அதனிடம் கேட்கின்றனர்.

அப்படியானால் தாய் எதைக் கவனிக்க வேண்டும்? மனப்பாடமான பதில்களை வைத்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. மறைக்கல்வி வகுப்பில் கெட்டிக்காரக் குழந்தை எதையும் ஒப்பிக்கும். யாரும் பார்க்காதபோது மகள் செபிக்கிறாளா, தம்பியை அடித்த பின் யாரும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கிறாளா, விருந்தின் நினைவு மங்கிய சில மாதங்களுக்குப் பின்னும் அதே கேள்வியோடு வருகிறாளா என்பவை கவனிக்கத்தக்கவை. நிறைவை எதிர்பார்ப்பது தவறு. அந்த அளவுகோலை வைத்தால் சபையில் பெரியவர் ஒருவரும் தேறமாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை பெற்றோருக்கே உரியது. மகள் ‘வேண்டாம்’ என்றால் இந்த வீட்டில் அவள் எதையாவது இழப்பாளா? தந்தையின் முகம் வாடுமா? உறவினர் முன்னிலையில் தாய் தலைகுனிவாளா? இழப்பாள் என்றால், அவள் சொல்லும் ‘ஆம்’ எவ்வளவு உண்மையானது என்று யாராலும் அறிய இயலாது.

சிறுவன் சாமுவேல் இரவில் மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடிவந்த விவிலியக் கதையை இத்தாய் அறிவாள். ஏலி முதலில் தவறாகவே புரிந்துகொண்டார். அழைப்பு யாருடையது என்று உணர்ந்தபின் அவர் சிறுவனுக்குப் பதிலாகப் பேசவில்லை. என்ன சொல்லி மறுமொழி கொடுப்பது என்று கற்பித்து, அவன் படுத்திருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்.

அந்தத் தாயும் மகளிடம் சொல்லக்கூடியது ஏறக்குறைய இதுதான்: “இந்த ஆண்டு வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல், அம்மாவுக்கு வருத்தமில்லை. வேண்டும் என்றால் ஏன் என்று உன் சொல்லிலேயே சொல்.” பதில் வர நாளாகலாம். அதுவரை காத்திருக்கக் கற்பது அந்தத் தாயின் ஆயத்தம்.