டேப்பா, கேப்பா? (கீபோர்டு சத்தமும் நானும்)

நம்ம ஊர்க்காரர்களுக்குச் சத்தம் ஒன்றும் புதிதில்லை. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பக்கத்துச் சத்திரப்பட்டிக்குப் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மார்கழி விடிகாலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இத்தனைக்கும் நடுவே நாம் தூங்குகிறோம், படிக்கிறோம், பரீட்சையும் எழுதுகிறோம். ஆனால் ஒரு விசைத்தறியை விடச் சின்ன ஒரு 'டக்' அதிகமாகக் கெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் குரல் பதிவு.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு நண்பன். கண் தெரியாது, காது ரொம்பக் கூர்மை. திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் நம்மை விட வேகமாக வேலை செய்வான். அவனுக்காகத் தமிழில் பைத்தான் பாடங்களைக் குரலில் பதிந்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். டைப் அடித்துக்கொண்டே பேசுவது. அதில் ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டு போன் போட்டான்.

"மாப்ள, அந்த நாலாவது வரில என்ன சொன்ன? டேப்பா, கேப்பா?"

சிரிக்காதீர்கள். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதுதான் இலக்கணமே. டேப்பையும் இடைவெளியையும் கலந்தால் பைத்தான் 3 பிழை காட்டி நின்றுவிடும். பார்க்கிறவன் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வான். கேட்கிறவனுக்கு என் குரலை விட்டால் வேறு வழியில்லை.

ஏன் சரியாக அந்த எழுத்தே காணாமல் போனது என்று யோசித்தேன். 'டேப்' என்று சொல்லும்போதே விரல் டேப் கீயை அழுத்துகிறது. வல்லின எழுத்துகளெல்லாம் வாயில் காற்று தடைபட்டு வெடித்துப் பிறப்பவை, ஒரு நொடியில் நூறில் சில பங்கு நேரம்தான் அந்த வெடிப்பு. கீபோர்டு 'டக்'கும் அதே மாதிரி ஒரு குட்டி வெடிப்பு. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் 'ட'வும் 'க'வும் ஒன்றுதான்!

சரி, காசு அதிகம் இல்லாமல் என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்தவை:

1. தூரம். செலவு பூஜ்யம், பலன் அதிகம். என் லேப்டாப் மைக்கிலிருந்து கீபோர்டு 10 செ.மீ., என் வாய் 50 செ.மீ. அதற்குப் பதில் போனோடு வந்த இயர்போன் மைக்கைச் சட்டைக் காலரில் மாட்டினேன். இப்போது வாய் 15 செ.மீ., கீபோர்டு 40 செ.மீ. தூரம் இரட்டித்தால் ஒலி அழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல் குறையும். கணக்குப் போட்டால் குரல் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது, 'டக்' நாலில் ஒன்றாகிறது. மொத்தத்தில் 22 டெசிபல் லாபம். அறையில் எதிரொலி இருப்பதால் முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் காதில் தெரியும்.

2. மேஜை. சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை, மரத்துக்குள்ளும் ஓடும். மேஜை மேல் மைக் வைத்திருந்தால் அந்த அதிர்வு நேராக ஏறும். கீபோர்டுக்கு அடியில் துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். லேப்டாப்பாக இருந்தால் நாலு மூலைக்கு மட்டும்! அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்தால் சூடாகிவிடும்.

3. பஞ்சு மெத்தை. இதற்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை :-) ஒலி பஞ்சு இழைகளுக்குள் நுழைந்து உரசி, வெப்பமாகி அடங்கும். ஆனால் தடிமன் அலைநீளத்தில் கால் பங்காவது இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 'டக்'கின் கூர்மையான பகுதி, உதாரணமாக 4000 ஹெர்ட்ஸ் என்றால், கால் பங்கு சுமார் 2 செ.மீ. ஒரு மெத்தையைப் பின்னால் சுவரில் சாய்த்தால் போதும். 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கோ 85 செ.மீ. வேண்டும். அதனால் தெருவில் போகிற லாரிக்கு மெத்தை உதவாது. பேண்டேஜ் துணியைத் தொங்கவிடுவதும் வீண், அது ரொம்ப மெல்லிசு.

4. மென்பொருள். 2000-ல் வந்த ஆடாசிட்டி இலவசம். அதில் உள்ள இரைச்சல் நீக்கி ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு நல்லது. திடீர் 'டக்'குக்கு அது ஆகாது. 2017-ல் வெளியான ஆர்என்நாய்ஸ், ஓபிஎஸ் ஸ்டுடியோவிலேயே இலவசமாக இருக்கிறது. பேச்சுக்கு இடையில் விழும் 'டக்'கை நன்றாக அமுக்கும். ஆனால் எழுத்தின் மேலேயே விழுந்ததைப் பிரிப்பது அதற்கும் கஷ்டம், அழுத்திப் பிடித்தால் நம் வல்லினத்தையும் சேர்த்து மழுக்கிவிடும். இன்னொன்று: ரெக்கார்டரில் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் பேச்சை நிறுத்தியதும் அது ஒலியைக் கூட்டும், அந்த நேரம் பார்த்து 'டக்' பூதாகரமாக விழும்.

இவ்வளவும் செய்து, அடுத்த பாடத்தில் கீபோர்டு சத்தமே இல்லாமல் அனுப்பினேன். டைப் அடிப்பது தனி, பேசுவது தனி என்று பதிந்தது. அவன் சொன்னது எதிர்பாராதது.

"சுத்தமா இருக்கு மாப்ள. ஆனா என்டர் தட்டுற சத்தம் போச்சே! அது கேட்டாத்தான் ஒரு வரி முடிஞ்சதுன்னு எனக்குத் தெரியும். நீ வேகமாப் போறியா, யோசிச்சு அடிக்கிறியான்னு கூட அதுலதான் கண்டுபிடிப்பேன்."

நமக்கு இரைச்சல், அவனுக்கு அது திரை!

ஆக, சத்தத்தை ஒழிப்பதல்ல வேலை. குரலும் 'டக்'கும் ஒரே நேரத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். இப்போது காலர் மைக், துண்டு, மெத்தை மூன்றும் உண்டு. கூடவே ஒரே ஒரு பழக்கம்: முதலில் சொல்லி முடிக்க வேண்டும், அரை நொடி விட வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். பாடம் கொஞ்சம் நீளுகிறது. பரவாயில்லை, எப்படியும் அவன் இரட்டை வேகத்தில்தான் கேட்கிறான். 'டேப்' என்றால் 'டேப்' என்றே விழுகிறது, பின்னாலேயே மெல்லிசாக ஒரு 'டக்'.